எழுதப்படாத மூக்குகள்

காவேரிப்பட்டினம் என்று என் ஊர்ப் பெயரைச் சொன்னதும் இலக்கிய நண்பர்கள் பலர் நேராகச் சிலப்பதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களை வழிமறித்து, இது கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த பட்டினம் அன்று, கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் இருக்கும், மாம்பழத்துக்கும் நிப்பட்டுக்கும் பேர்போன வேறோர் ஊர் என்று விளக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கடல் இல்லை. பெயரில் உள்ள காவேரியும் இல்லை. ஆனால் மைசூர்ப் போர்களின் வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை மீண்டும் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவர் ஒரு பழைய மாணவி.

அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். முதற்பகுதித் தமிழ் வகுப்பில் என்னிடம் கம்பராமாயணம் கேட்டவர். இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் போவது நெடுநாள் வழக்கம். அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சிலர் இந்தப் புதிய வேலைக்கும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுக்கிடையே, "ஐயா, சூர்ப்பணகைக்கு என்ன கோடு போடணும், சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் எழுதிய குறிப்பு கணினி வழியே இங்கே வருகிறது. அதைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்து எழுத வேண்டும். அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். குறியீடு பிசகினால் பணம் நின்றுபோகும். சூர்ப்பணகையின் மூக்கு முழுமையாகத் துண்டிக்கப்பட்டதால் எஸ் 08.811, காதுக்கு எஸ் 08.11, வாளால் தாக்கப்பட்டதற்கு எக்ஸ் 99.2, நடந்த இடம் காடு என்பதற்கு ஒய் 92.821. எண்ணின் கடைசியில் ஏ என்று சேர்த்தால் காயத்துக்கு இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்று பொருள். டி என்றால் ஆறிவரும் கட்டம். எஸ் என்றால் காயம் ஆறிய பின்னும் நீடிக்கும் விளைவு. கம்பர் ஒரு படலம் முழுதும் பாடியதை இந்தப் பெண் அரை வரியில் எழுதி முடித்துவிட்டார்.

"வெட்டியவர் யார் என்பதற்குக் குறியீடு இல்லையா?" என்று கேட்டேன்.

"சிலதுக்கு இருக்குங்க ஐயா. ஆனா டாக்டர் எழுதியிருந்தாத்தான் போடலாம். எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம். எங்க வேலையில முதல் பாடமே அதுதான்."

எழுதாதது நடக்கவில்லை என்ற அந்த வாக்கியம் அவர் போன பிறகும் என்னை விடவில்லை. வரலாற்றுக்கும் ஏறத்தாழ அதுதானே விதி. அதைப் பிடித்துக்கொண்டு, நம் பகுதியின் மூக்குகள் எங்கே, யாரால், எதற்காக எழுதப்பட்டன என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் பட்டியலின் கதை. மனிதர் எதனால் சாகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் முயற்சியை 1662இல் இலண்டனின் இறப்புப் பட்டிகளை ஆராய்ந்த ஜான் கிராண்டிடம் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் அதை ஒழுங்குபடுத்தினார். பாரிஸ் நகரப் புள்ளியியல் துறையின் தலைவராயிருந்த ழாக் பெர்த்தியோன் 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியலாளர் கூட்டத்தில் ஒரு பட்டியலை முன்வைத்தார். 1900இல் பாரிஸில் பல நாடுகள் கூடி அதைத் திருத்தி ஏற்றன. அது இறப்பின் காரணங்களுக்கான பட்டியல். மூக்கு உடைந்து யாரும் எளிதில் சாவதில்லை என்பதால் அதில் மூக்குக்கு அதிக வேலை இருந்திருக்காது. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் ஆறாம் திருத்தம் வந்தபோதுதான், உயிரோடிருப்பவர்களின் நோய்களும் காயங்களும் முறையாகப் பட்டியலுக்குள் வந்தன. பத்தாம் திருத்தத்தின் விரிவான அமெரிக்க வடிவம் 2015 அக்டோபர் 1 முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. என் மாணவி பயன்படுத்துவது அதைத்தான். பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறிவருகின்றன.

இந்தப் பத்தாம் பட்டியலைப் புரட்டியபோது தமிழாசிரியனான எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. கண்ணுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது, காதுக்கும் இருக்கிறது. மூக்குக்கு இல்லை. மூக்கின் நோய்கள் மூச்சு மண்டலத்தின் ஜே அதிகாரத்தில் ஒண்டியிருக்கின்றன. ஒவ்வாமையால் வரும் மூக்கொழுக்கு ஜே 30, மூக்கினுள் வளரும் சதை ஜே 33, நடுத்தண்டு வளைவு ஜே 34.2. மூக்கெலும்பு முறிந்தால் எஸ் 02.2, தோல் கிழிந்தால் எஸ் 01.2. இரத்தம் வடிந்தால் ஆர் 04.0. குழந்தை மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டால் டி 17.1. பிறவிக் குறை க்யூ 30. காயத்தால் உருக்குலைந்து நின்றுவிட்ட மூக்கு எம் 95.0. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பட்டியலில் துண்டிக்கப்பட்ட காதுக்கென்று ஓர் எண் உண்டு; துண்டிக்கப்பட்ட மூக்கோ 'தலையின் பிற பகுதிகள்' என்ற எஸ் 08.8க்குள் அடங்குகிறது. அதற்குத் தனி எண் கொடுத்தது அமெரிக்க வடிவம்தான்.

நம் மரபில் மூக்குக்கு இடம் சற்றுப் பெரிது. தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுக்கும்போது மூன்றாம் அறிவை மூக்குக்குத் தருகிறார். பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் எட்டிடங்களுள் மூக்கும் ஒன்று. மெல்லெழுத்துகள் அதன் வளத்தால் இசைப்பவை. சுசுருத சம்கிதை மூக்கின் நோய்களை முப்பத்தொன்றாக எண்ணி, பெயரும் குணமும் சொல்கிறது. நம் சித்த மருத்துவர்கள் பீனிசம் என்று சொல்வதை எங்கள் ஊர்ப் பாட்டிமார் இன்றும் அதே பெயரால் சொல்கிறார்கள். 2024 சனவரி 10 அன்று புது தில்லியில், சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கும் பதினோராம் பட்டியலில் குறியீடு தரும் பகுதியை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. வகைப்படுத்துவது மேலைநாட்டார் மட்டும் கண்ட வித்தையன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் இவையெல்லாம் வைத்தியன் எண்ணிய எண்ணிக்கை. மூக்கை வேறொருவனும் எண்ணியிருக்கிறான்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. மைசூரை ஆண்டவர் கண்டீரவ நரசராச உடையார்; மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். 1650களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் நுழைந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், மேலுதட்டோடு சேர்த்து அரிந்து மன்னனுக்கு மூட்டையாக அனுப்பியது. கொண்டுவந்த மூக்குக்கு ஏற்பப் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் இங்கிருந்த ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் இதைக் குறிக்கின்றன. நோயுற்றுக் கிடந்த திருமலை நாயக்கருக்கு உதவியாக இராமநாதபுரத்திலிருந்து இரகுநாத சேதுபதி பெரும்படையோடு வந்து மைசூர்ப் படையைத் துரத்தினார். பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் நாட்டுக்குள் புகுந்தார். அங்கே மதுரைப் படை செய்ததும் அதே மூக்கறுப்புத்தான். மூக்கறு போர் என்று மக்கள் இதற்குப் பெயரிட்டார்கள். அவமானப்பட்டவனை இன்றும் மூக்கறுபட்டான் என்கிறோம். எதிர்வாதத்தில் வென்றால் மூக்கை உடைத்துவிட்டான் என்று மகிழ்கிறோம். மரபுத்தொடராகத் தேய்ந்துபோன சொற்களுக்கு அடியில் உண்மையான கத்தி ஒன்று இருந்திருக்கிறது.

இதை ஓர் அரசின் அல்லது ஓர் இனத்தின் கொடுமையாகப் பார்ப்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. 1760களில் நேபாளத்தின் கீர்த்திபூரைக் கைப்பற்றிய கூர்க்காப் படை அவ்வூர் மக்களின் மூக்கை அறுத்தது. சப்பானியர் 1590களில் கொரியாவில் போரிட்டபோது, எதிரிகளின் தலைக்குப் பதிலாக மூக்கை அறுத்து உப்பிலிட்டுத் தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூக்குகளைப் புதைத்த மேடு இன்றும் கியோட்டோவில் இருக்கிறது. அந்தப் போரில் எத்தனை மூக்குப் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று தளபதிகளுக்கு ரசீது எழுதிக் கொடுத்த வழக்கமும் இருந்திருக்கிறது. மைசூர் மூட்டைக்கும் கியோட்டோ ரசீதுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் எண்ணப்பட்டது அறுத்தவனுக்குக் கூலி கொடுப்பதற்காக. அறுபட்டவரின் பெயரை எழுத அங்கே எவருக்கும் தேவை இருக்கவில்லை.

பெயரோடு எழுதப்பட்ட மூக்கு ஒன்றைத் தேடினால் எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த போருக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

காவேரிப்பட்டினத்துக் கோட்டை மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் வழியில் இருந்ததால் யார் வந்தாலும் அதைப் பிடித்தாக வேண்டும். 1767இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஐதர் அலி திரும்ப எடுத்துக்கொண்டார். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், கர்னல் மாக்ஸ்வெல்லின் படை இங்கே பாளையமிறங்கியிருந்தது. திப்பு சுல்தான் அதை எதிர்கொள்ளப் பாரமகாலுக்கு விரைந்து வந்தார். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து வயல்களை அளந்தார்கள். பயிர்களையும் தொழில்களையும் குடிகளையும் குறித்தார்கள். பாரமகால் ஆவணங்கள் என்று பின்னாளில் அச்சேறியவை அந்தக் குறிப்புகள்.

அந்தப் போர் துப்பாக்கியால் நடந்த அளவு மாட்டாலும் நடந்தது. படைக்கு வேண்டிய தானியமும் குண்டும் பொதிமாட்டின் முதுகில் வந்தன. 1791இல் சீரங்கப்பட்டணம் வரை போன காரன்வாலிஸ், மாடுகள் செத்து விழுந்ததால் பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. எனவே மாடோட்டியைப் பிடிப்பது எதிரியின் வயிற்றில் அடிப்பதற்குச் சமம். அப்படி ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய மராத்திய உழவர் ஒருவர் மைசூர்ப் படையிடம் சிறைப்பட்டார். அவர் பெயர் கவாஸ்ஜி. அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் நடந்தது இது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரைக் கம்பெனியிடம் சேர்த்த அதே போரில் நடந்தது.

ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி இருந்த கவாஸ்ஜிக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு வைத்தார். 1794 அக்டோபர் மாத 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற இலண்டன் இதழில் இதை விவரிக்கும் கடிதம், படத்தோடு வெளிவந்தது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் பொருத்தி அளவெடுக்கிறார்கள். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுகிறார்கள். கோட்டின்படி நெற்றித்தோலை உரித்து, இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள். இரத்தம் ஓடித் தோல் உயிரோடிருப்பது அந்தப் பட்டையால்தான். தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கின் விளிம்பில் கீறிய பள்ளத்தில் செருகுகிறார்கள். காசுக்கட்டியைக் குழைத்துப் பூசி ஒட்டவைக்கிறார்கள். சில நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் பட்டையை அறுத்துச் சீர்செய்கிறார்கள். அவ்வளவுதான் அறுவை.

அந்தக் கடிதம் ஐரோப்பாவில் பெரிய விளைவை உண்டாக்கிற்று. ஜோசப் கார்ப்யூ என்ற இலண்டன் அறுவை மருத்துவர் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1814இல் செல்சியில் ஒரு படைவீரருக்கு இதே முறையில் மூக்கு வைத்தார். 1816இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். சுசுருதர் கன்னத்துத் தோலால் மூக்கு அமைக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். நெற்றித்தோல் முறை எங்கோ கைவழியாக வளர்ந்து வந்திருக்கிறது. இன்றும் மூக்கை மீட்டெடுக்கும் அறுவைகளில் நெற்றித்தோலுக்கு முதன்மையான இடம் உண்டு.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. கடிதத்தில் கவாஸ்ஜியின் பெயர் இருக்கிறது. அறுவையைப் பார்த்த ஆங்கில மருத்துவர்களின் பெயர்கள் இருக்கின்றன. படத்தை வரைந்த ஜேம்ஸ் வேல்ஸ் யாரென்று தெரியும். மூக்கை வைத்தவர் மட்டும் செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் என்று நின்றுவிடுகிறார். கவாஸ்ஜியின் மூக்கு அச்சேறியதற்கும் காரணம் இருக்கிறது. திப்புவின் கொடுமையைப் பற்றிய செய்திக்கு அப்போது இலண்டனில் கேட்பவர் மிகுதி. அதோடு ஒரு மருத்துவ அதிசயமும் சேர்ந்துகொண்டது. காரணம் இல்லாத மூக்குகளை எவரும் எழுதவில்லை. எழுதுகிறவனுக்கு எது வேண்டுமோ அது எழுதப்படுகிறது. என் மாணவியின் பட்டியலும் இதற்கு விலக்கன்று. அறுத்தவனுக்குக் கூலி கொடுக்க எண்ணப்பட்ட மூக்கு, இப்போது சீர்செய்தவருக்குக் கட்டணம் கொடுப்பதற்காக எண்ணப்படுகிறது. முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால் பணம் கேட்டு எழுதாத மூக்கு இப்போதும் வெளியேதான் நிற்கிறது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இரவில் மூக்கு உடைந்தது. உடைத்தவர் கணவர் என்பது தெருவுக்கே தெரியும். நானும் இன்னொருவருமாக ஆட்டோவில் அழைத்துப் போனோம். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு அவர், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார். சீட்டில், கீழே விழுந்ததால் மூக்கில் காயம் என்று எழுதப்பட்டது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. குடும்ப விவகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அந்தச் சீட்டின் கனம் எனக்கு விளங்கிற்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் கொடுங்காயம் எவை என்று எண்ணிச் சொன்னது. எலும்பு முறிவும் முகம் நிரந்தரமாக உருக்குலைவதும் அவற்றுள் அடங்கும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 116ஆம் பிரிவும் அவ்வாறே சொல்கிறது. வேண்டுமென்றே விளைவித்த சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறை. கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை. மூக்கெலும்பு முறிந்ததா, வெறும் வீக்கமா என்பது சட்டத்தில் இத்தனை தூரம் போகிறது. பட்டியலில் எஸ் 02.2க்கும் எஸ் 00.3க்கும் உள்ள தூரம் அது. காரணத்தைச் சொல்லும் பகுதியிலும் அப்படியே. விழுந்ததற்கு டபிள்யூ வரிசையில் ஓர் எண். பிறர் அடித்ததற்கு ஒய் 04. அடித்தவர் கணவர் என்றால் அமெரிக்க வடிவத்தில் ஒய் 07.01 என்று அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இடமில்லாமல் போகவில்லை. அந்த இடத்தில் எழுதுவதற்குரிய வாக்கியத்தை நாங்கள் மூவருமே சொல்லவில்லை.

மாணவி ஊருக்குத் திரும்பும் முன் தொலைபேசியில் விடைபெற்றார். அந்தப் பெண்ணின் கதையை அவரிடம் சொல்லி, "இதற்கு என்ன கோடு போடுவாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சீட்டுல விழுந்ததுன்னு இருந்தா விழுந்ததுன்னுதான் போடணும், ஐயா. நான் சீட்டை மட்டுந்தான் பார்ப்பேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. சீட்டு எழுதப்படும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான்.